தேதி முடிந்த அவரை

தெருவில் அவருக்குப் பெயர் தேதிக்காரர். மருந்துக்கடை வைத்திருந்தார். தேதி ஒரு நாள் தாண்டிய மாத்திரையைச் சொந்த மச்சானே வந்து கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். அது நியாயம்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்து விதைகளையும் காலி மாத்திரைப் புட்டிகளில் போட்டு, சீட்டு ஒட்டி, சரியாக ஒரு வருடத்தில் காலாவதி என்று எழுதி வைக்கிற மனிதரை என்ன சொல்வது? விதை அதைப் படித்தா பார்க்கப்போகிறது?

அவரைக்கொடி என்றால் அவருக்கு உயிர். பதினோரு வருடம் முன்பு ஒரே ஒரு காயில் வெள்ளை விதையின் ஓரமாகச் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. எப்படி வந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டார். அதைத் தனியாக விதைத்து, கோடு உள்ளதையே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார். வேறு யாரிடமும் அந்த விதை கிடையாது. புதியது வந்ததும் பழையது குப்பைக்கு.

இந்த வருடம் புட்டியைத் திறந்தால் விதையெல்லாம் ஓட்டை. வண்டுகள் மட்டும் சௌக்கியமாக இருந்தன. சரியாகக் காயவைக்காமல் மூடியது அவர்தான். இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

தையல் மேசையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். துணி வெட்டும்போது நகராமலிருக்க மேலே கனத்துக்கு வைக்கும் சின்னப் பை ஒன்றை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"பிரிச்சுப் பாருங்க. நீங்க தூக்கிப் போட்டதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க? மணல் போட்டா துணி அழுக்காகுது."

பிரித்தார். உள்ளங்கை நிறையச் சிவப்புக் கோடுகள்.

"எந்த வருஷத்து விதை?"

"யாருக்குத் தெரியும்? ஆறேழு வருஷத்துது கலந்து கெடக்கு."

"தேதி முடிஞ்சதாச்சே," என்று முனகினார்.

"அப்பக் குடுங்க, திரும்பத் தைச்சுடறேன்."

பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஈரப் பஞ்சில் பத்து விதை வைத்தார். ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையிலிருந்து ஓடி ஓடி வந்து பார்த்தார். ஐந்து நாளாகியும் அசைவில்லை. ஏழு விதைகள் அழுகின. எட்டாம் நாள் காலை மிச்சம் மூன்றிலும் முளை தெரிந்தது. உடனே அடுத்த கவலை: இவை எந்த வருடத்தவை? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

மூன்று கொடிகளும் காய்த்தன. சீட்டு எழுதும்போது பழக்கதோஷத்தில் காலாவதித் தேதியும் விழுந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதி வந்தபோது அவர் குப்பைக்கூடைப் பக்கம் போகவில்லை. புட்டியை மனைவியின் மேசையில் வைத்தார்.

"பைக்கு எடுத்துக்கோ. பை மேல எந்த வருஷம்னும் தைச்சு வெச்சுடு."