டீசல் வரிசையில் ஒரு மதியம்

அந்த வருடம் நான் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது சுற்றிவரக் கடல் உள்ள சிறிய தீவு. தேயிலையும் தைத்த உடுப்புகளும் கப்பலேறிப் போகும். எண்ணெயும் மருந்தும் கப்பலில் வந்து சேரும். பிள்ளைகளுக்கு இதை விளக்க அப்போது பாடப்புத்தகமே தேவைப்படவில்லை. நாட்டில் டொலர் தீர்ந்துவிட்டது, எண்ணெய்க் கப்பல்கள் கடலிலேயே நிற்கின்றன என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு.

என் கணவர் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். கட்டுகஸ்தோட்டையில் பிள்ளைகளை ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவார். டீசல் இல்லாமல் வான் நின்றுபோனது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டின் முன்னால் நீண்டிருந்த வரிசையில் வானை விட்டுவிட்டு, நாள்கணக்காக அதற்குள்ளேயே படுத்துக்கிடந்தார். நான் சோறு கொண்டுபோவேன். குளிக்காமல், தூங்காமல், அவர் முகம் யாரோ ஒருவருடைய முகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அன்று மதியம் டீசல் கொண்டுவரும் பவுசர் வந்திருந்தது.

"இன்னைக்குக் கெடைச்சிரும். நீ வீட்டுக்குப் போ, வெயிலு கொளுத்துது" என்றார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நான் வானுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அரசாங்க இலக்கத்தகடு போட்ட கெப் வண்டி ஒன்று வரிசையைச் சுற்றிக்கொண்டு நேரே பம்புக்குப் போனது. பின்னால் திறந்த தட்டில் பெரிய பெரிய கேன்கள். செட்காரன் ஒன்றும் கேட்காமல் குழாயை எடுத்து நிரப்பத் தொடங்கினான்.

முதலில் கூச்சல்தான். பிறகு ஒரு கல் கெப்பின் கண்ணாடியில் விழுந்தது. கதவைத் திறந்து சாரதியை வெளியே இழுத்துப் போட்டார்கள். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை. 'கஹபாங், கஹபாங்' என்று சிங்களத்தில் கத்தினார்கள். அடி, அடி என்று தமிழிலும் கத்தினார்கள். அடிப்பதில் அன்று எங்கள் எல்லோருக்கும் ஒற்றுமை இருந்தது. ஹெல்மெட்டால் அடித்தார்கள், செருப்புக் காலால் வயிற்றில் உதைத்தார்கள்.

"ஐயோ, நான் டைவருங்க! ஐயா அனுப்புனாரு, வந்தேன்! எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!" என்று அந்த மனிதர் தமிழில் அலறினார். எங்கள் பேச்சு. எங்கள் மலைப்பக்கத்துப் பேச்சு.

நான் திரும்பிப் பார்த்தபோது என் கணவர் பக்கத்தில் இல்லை. சோற்றுப் பொட்டலம் இருக்கையில் கவிழ்ந்து கிடந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். வீல் கழற்றும் ஸ்பேனர் அவர் கையில். அது மேலே போனதைப் பார்த்தேன், இறங்கியதையும் பார்த்தேன். தேங்காய் உடைபடுவது போல ஒரு சத்தம். சாரதி கண்ணைப் பொத்திக்கொண்டார், விரல்களுக்கிடையில் இரத்தம் கொட்டியது.

"என்னாங்க செய்றீங்க! விடுங்க!" என்று என் கணவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னையும் அடிக்கப் போகிறவர் போலத் திரும்பினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

செட்டில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கூட்டம் சிதறியது. ஓடியவர்கள் எங்களைத் தள்ளிவிட்டார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து அவருடைய வலது கைமேல் விழுந்தது. எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் விபத்துக்காரர்கள் வாட்டு நிரம்பி வழிந்தது. அவரைக் கிடத்திய கட்டிலுக்கு அடுத்ததில், ஒரு கண்ணில் கட்டுப்போட்டபடி அந்தச் சாரதி. பக்கத்தில் அவர் மனைவி, கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டுப் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் ஓடி வந்தவள். என்னைப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரரையும் அவனுக அடிச்சிட்டானுகளாக்கா?" என்று கேட்டாள். நான் கணவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

மறுநாள் காலை பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தார். யார் அடித்தது என்று கேட்டதற்கு, "கூட்டமுங்க. யாருன்னு தெரியல" என்றார் சாரதி. பொலிஸ்காரர் எழுந்து போக இருந்தார்.

"கண்ணுல அடிச்சது நான்தான்" என்றார் என் கணவர்.

வாட்டே திரும்பிப் பார்த்தது. சாரதியின் மனைவி எழுந்து வந்து என் கணவர் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். உடைந்த கை கட்டிலில் இடிபட்டு அவர் முனகினார். முகத்தை மட்டும் திருப்பவில்லை. நான் அவளைத் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்து தரையில் உட்கார்ந்த பிறகு, "நம்ம புள்ளைகள நெனச்சுப் பாத்தீங்களா?" என்று நானும் அவரைத்தான் கேட்டேன்.

கட்டுப்போட்ட கையோடு அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். பிணையில் வந்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. கேன்களோடு சாரதியை அனுப்பிய அந்த ஐயாவை எந்த வழக்குத் தவணையிலும் யாரும் கூப்பிடவில்லை. சாரதிக்கு அந்தக் கண் போய்விட்டது, வேலையும் போய்விட்டது.

சென்ற மாதம் பேராதனையில் நுவரெலியா பஸ் ஏறினேன். முன் இருக்கையில் அந்தச் சாரதி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இறங்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு வான் ஓட்டுறாரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. கை மடங்காது."

"ம்" என்றார். புசல்லாவை வந்ததும் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனார்.