ஹாரன் அடித்த விருந்தாளி

நெதர்லாந்தில் ஊட்ரெக்ட் நகரத்துக்கு வந்து, கார் வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் செய்த குற்றம், ஹாரன் அடித்தது. எனக்கு முன்னால் நடுத்தெருவில் அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். உதட்டில் சாயம், முன்கூடையில் ஒரு பூங்கொத்து. பின்னால் வண்டி வருகிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்ல ஒரே ஒருமுறை, செல்லமாகத்தான் அடித்தேன். லாரி முதுகிலேயே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிற நாட்டுக்காரன் நான். சத்தம் கொடுக்காமல் உரசிக்கொண்டு போகிறவனைத்தான் எங்கள் பக்கம் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

அவர் நிறுத்தினார். ஓரமாக அல்ல, என் காருக்குக் குறுக்கே. இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை. நான் வருகிறேன் என்று சொன்னேன்.”

“வருவது தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?”

இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்ற பதில் என் வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கினேன். அவர் தெருமுனைப் பலகையைக் காட்டினார். பெரிய சைக்கிள் படம், அதன் பின்னால் சின்னதாக ஒரு கார், கீழே ‘ஆட்டோ டே காஸ்ட்’ என்று எழுத்து. ஆட்டோ என்றால் இவர்களுக்குக் கார். சைக்கிள்களுக்கென்று சிவப்புத் தார் போட்ட இந்தத் தெருவில் கார் விருந்தாளி என்று அர்த்தமாம். “விருந்தாளி சத்தம் போடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஏறி மிதித்துப் போனார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிறு எரிந்தது. அந்த அம்மாவைப் பார்த்து, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு இருவர் இருவராக அரட்டையடித்தபடி மிதிக்கும் பெண்பிள்ளைகளைப் பார்த்து, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகும் தாயைப் பார்த்து எரிந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவன் நிற்பான் என்று அப்படி ஒரு நம்பிக்கை! இவர்களுக்கு மட்டும் யார் கொடுத்தது இதை என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தினமும் பொருமினேன்.

பொருமக் காரணம் அஃப்ரின். லால்பேட்டையில் இருக்கிற என் அக்காவின் மகள். சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை செய்கிறாள். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வருகிறவர்களுக்காக லேபை விடியற்காலையிலேயே திறக்க வேண்டும். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ ஆள் நிறையாமல் நகராது. அதனால் காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டுவரை சைக்கிளில் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பாள். அந்தச் சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை.

ஒருநாள் பின்னால் வந்த காரின் பக்கக் கண்ணாடி அவளை இடித்துத் தள்ளிவிட்டது. முழங்கை தோல் உரிந்தது, அவ்வளவுதான். கூட்டம் கூடிவிட்டது. பெரிய வண்டிக்காரன்மேல்தான் தப்பு என்று அங்கேயே தீர்ப்பு. அந்த மனிதரும் அதை ஒப்புக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து போட்டு விட்டார். இங்கே நெதர்லாந்திலும் பெரும்பாலும் கார்க்காரன்தான் பதில் சொல்ல வேண்டும், ஆக தீர்ப்பில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எங்கள் ஊரில் இரண்டாவது தீர்ப்பு ஒன்று வீட்டில் நடக்கும். அஃப்ரினின் அத்தா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர் மச்சான், போனில் கத்தினார்.

“ஹாரன் அடிச்சிருக்கான்ல? எறங்கி நின்னா என்னா? இவ என்னா கலெக்டரா? வேலயும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

அஃப்ரின் போனை வாங்கினாள். “ஓரமாத்தான் மாமா போனேன். அதுக்கு மேல ஓரம்னா வாய்க்கால்தான்.”

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று உதட்டுச் சாயம் பூசிய அம்மாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்தம்மாவுக்கு வீட்ல அத்தா இல்லபோல” என்றாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போனதும் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். பிரியாணி ஆறுகிறவரை வாதம் செய்ததில் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி மச்சான், என் கார எடுத்துக்கிட்டு நீயே அவ பின்னாடி போயி பாத்துட்டு வா. ஒனக்குப் பயமில்லன்னா போவட்டும். பயமா இருந்திச்சின்னா அதோட உடு.”

மறுநாள் காலை மச்சான் சங்கிலியைக் கழற்றிவிட, அவள் முன்னே போனாள், நான் பின்னே போனேன். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தார் ரோட்டுக்குள்ளேயே நேராக மிதித்தாள். எனக்குப் பின்னால் பஸ் ஒன்று வந்து விடாமல் ஹாரன் அடித்தது. எதிரே கரும்பு டிராக்டர். அவள் இறங்கவில்லை. இடது கையைத் தூக்கி, பொறு என்பதுபோல் காட்டினாள். என்ன நெஞ்சழுத்தம்! அந்த நொடியில் என் அக்கா மகளைப் பார்த்தே பொறாமைப்பட்டேன். மறு நொடி பஸ் என்னை ஒட்டி ஏறி வந்தது. இறங்குடி, இறங்குடி என்று உள்ளுக்குள் அலறியபடி நான் ஹாரனை அழுத்திவிட்டேன்.

பஸ்ஸுக்கு இறங்காதவள் எனக்கு இறங்கினாள். மண்ணில் சைக்கிளோடு நின்றாள். டிராக்டரும் பஸ்ஸும் போய்ப் புழுதி அடங்கியது.

“நீங்களுமா மாமா?”

நான் கண்ணாடியை இறக்கிவிட்டு அசடு வழிந்தேன்.

“அத்தாகிட்ட என்னா சொல்லப் போறீங்க?”

“நல்லாத்தான் ஓட்டுறான்னு சொல்றேன்.”

“அப்படியே நீங்க சரியா ஓட்டலன்னும் சொல்லிடுங்க” என்று ஏறி மிதித்தாள்.

இரண்டையும் மச்சானிடம் சொன்னேன். அவர் என்னை முறைத்துவிட்டு, பூட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார்.

ஊட்ரெக்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். சிவப்புத் தெருவில் இன்றைக்கும் சைக்கிள்கள் முன்னே போகின்றன, நான் பின்னே ஊர்கிறேன். அவர்களைப் பார்த்ததும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. என் கை இன்னும் ஹாரனுக்குத்தான் போகிறது. எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.