சிவப்பு நூல் கட்டிய சுரைக்காய்

ஐம்பதுகளில் கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் வேலை பார்த்தேன். சத்துள்ள நல்ல சுரையையும் வேலியில் படரும் பேய்ச்சுரையையும் கலந்து, ஈ துளைக்காத காய் ஒன்றை உண்டாக்க வேண்டும். பேய்ச்சுரை விஷம். கலப்புக் கொடியில் எந்தக் காய் கசக்கும் என்பது, நறுக்கி நாக்கில் வைத்துத் துப்பினால்தான் தெரியும். ஒருமுறை துப்பத் தவறி, இரண்டு நாள் ரத்தமாக வாந்தியெடுத்துக் கிடந்தேன்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். என் சுரைக்காய் கறிக்குப் போய்விடுமோ என்பதுதான் என் பயமே. எதில் விஷம் என்று தெரியாததால், விதைக்கு விட்ட பிஞ்சுகளின் காம்பிலெல்லாம் அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டி, யாரும் தொடக்கூடாது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. படித்தவன் திமிர், வேறென்ன.

ஒரு சாயங்காலம் பார்த்தால், ஒரு கொடியில் வெறும் காம்புதான் இருந்தது. களையெடுக்கும் அம்மா பறித்துப் போனதாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் சொன்னார்.

"அது பொண்ணு முழுகாம கீதில்ல, ஆக்கிக் குடுக்கறேன்னு எட்த்துகினு போச்சு."

வரப்பில் ஓடினேன். இரண்டு உயிர், இரண்டு உயிர் என்று வாய் தானாக முணுமுணுத்தது.

குடிசை வாசலில் மகள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"கசக்குதும்மா."

"மாசமா கீறவளுக்கு வாய் கசக்கத்தான் செய்யும். துன்னு" என்று தாய் அதட்டினார்.

தட்டைப் பிடுங்கி மண்ணில் கொட்டினேன். பாதி ஏற்கெனவே காலியாகியிருந்தது.

"இன்னா ஐயா இது! நல்ல காயின்னுதானே நீங்களே திருஷ்டிக்குக் கயிறு கட்டி வெச்சீங்க?"

அப்போதுதான் மகளின் மணிக்கட்டைப் பார்த்தேன். என் சிவப்பு நூல் அதில் இருந்தது.

"கெட்ட காய்ம்மா" என்று மட்டும் சொன்னேன். வண்டி கட்டித் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் வாந்தியெடுத்தாள். தாய் அந்த நூலைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையிலேயே மீதிக் காய்களையெல்லாம் பறித்துக் குழியில் போட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் தாய் வேலைக்கு வந்தார்.

"பொழச்சிக்கிச்சு ஐயா. வயித்துல கீறதும் நல்லா கீதாம். உங்க கயிறுதான் காப்பாத்திச்சு."

அது விஷத்துக்கு வைத்த அடையாளம் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும், அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவும் முடியாது. பயந்துவிட்டேன்.

"பொறக்கப்போற கொழந்தைக்கும் ஒண்ணு குடுங்க ஐயா" என்று கை நீட்டினார்.

நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொடுத்தேன்.