ஏ.சி. பில் ஃபோல்டரில் இருந்த முகூர்த்தப் புடவை

“சார், உங்க சர்ச் எஞ்சின உடனே நிறுத்துங்க சார்!”

கீழே ஷோரூமிலிருந்து நந்தினி போனில் கத்தினாள். பட்டு கவுன்ட்டரில் நாலு வருஷமாக நிற்கிற பெண். ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களிடம்கூட முகம் மாறாதவள். அவள் குரல் நடுங்கியதும், யாரோ சர்வருக்குள் புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“என்னம்மா ஆச்சு?”

“டிவில ஒரு போட்டோ வந்துடுச்சு சார். புடவை எடுக்க வந்த அம்மா அதையே பாத்துக்கினு நிக்கறாங்க. பேசவே மாட்டேங்கறாங்க. எனக்கு பயமா இருக்குது, சீக்கிரம் வாங்க.”

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். கம்பெனி ஃபைல்களைத் தேடித் தருகிற புது சர்ச் ஓட ஆரம்பித்து அன்று மூன்றாவது நாள். அந்த மூன்று நாளும் கம்பெனி முழுக்க மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். கீழே நான் பார்த்தது என்ன என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1. பழைய சர்ச்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கம்பெனியில் சிஸ்டம்ஸ் வேலை என்னுடையது. கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா, நெட் எதில் கோளாறு என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை காபி மெஷினுக்கும் கூப்பிட்டார்கள், அதையும் சரிசெய்தேன்.

ஊழியர்களுக்கென்று உள்ளே ஒரு இன்ட்ராநெட் உண்டு. போர்டல் என்போம். கட்டத்தாளில் வரைந்த டிசைன் கிராஃப், ஆர்டர், தறி விவரம், லீவ் ஃபார்ம் எல்லாம் அதில்தான். போர்டலோடு சேர்ந்து வந்த சர்ச்சைப் போல ஒரு உருப்படாத பொருளை நான் பார்த்ததில்லை. ஃபைலின் பெயரை மட்டும் படிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. மயில் பார்டர் என்று அடித்தால் கேன்டீன் மெனுவும் தீபாவளி லீவ் சர்க்குலரும் வரும்.

அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. எது வேண்டுமானாலும் வசந்தா மேடத்துக்குத்தான் போன் போகும். அவர் டிசைன் செக்‌ஷன் தலைவர், பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடும்பத்துப் பெண். எங்களிடம் ஆர்டர்களை நம்பரை வைத்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. வீட்டை வைத்துத்தான் சொல்வோம். ‘ஏனாத்தூர் வாத்தியார் வீடு, ரெண்டாவது பொண்ணு’ என்றால், மேடம் கண்ணை மூடிக்கொண்டு எந்த ஃபோல்டர் என்று சொல்வார். அவர் லீவ் எடுத்தால் ஷோரூம் தவிக்கும்.

“ஒரு மனுஷி தலைக்குள்ளயாப்பா என் கம்பெனிய வெச்சிருக்கேன்? முகூர்த்த சீசனுக்குள்ள வேற ஏதாவது பண்ணு” என்றார் முதலாளி.

2. என் கெட்டிக்காரத்தனம்

பண்ணினேன். இலவசமாகக் கிடைக்கிற ஒரு சர்ச் எஞ்சினை இறக்கித் தனி சர்வரில் போட்டேன். போர்டலில் உள்ள ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து படிக்க க்ராலர் என்று ஒரு புரோகிராம். ஸ்கேன் பண்ணிய காகிதத்தில் கையால் எழுதியதைக்கூட ஓரளவு படிக்கும். படங்களைச் சின்னதாக்கி ரிசல்ட்டிலேயே காட்டும். க்ராலருக்கு, எல்லாவற்றையும் திறக்கிற என் அட்மின் லாகினையே கொடுத்தேன். தனி லாகின் போட்டு, எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று பிரிக்க ஒரு வாரம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை.

க்ராலர் ரிப்போர்ட்டில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. டிசைன் செக்‌ஷனில் ‘பழைய ஏ.சி. பில்’ என்று ஒரு ஃபோல்டர். ஏ.சி. பில்லுக்கு எதற்கு இத்தனை பெரிய பெரிய படங்கள் என்று தோன்றியது. டிசைன்காரர்களுக்கு ஃபைல் வைக்கத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

சர்ச்சைத் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வசந்தா மேடம் என் அறைக்கு வந்தார். வழக்கமாக அவர் மேலே ஏறி வருவதில்லை.

“புதுசு எல்லாத்தையும் படிக்குமா சார்?”

“எல்லாத்தையும் மேடம். ஒண்ணு விடாது.”

“ஒரு ரெண்டு நாள் தள்ளிப் போடுங்களேன். கொஞ்சம் ஒதுக்கி வெக்க வேண்டியது இருக்குது.”

என்ன ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் எல்லாரும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கெத்து போகிறதே என்று மேடத்துக்கு வருத்தம் என நினைத்தேன். அவ்வளவு சின்ன புத்தி எனக்கு.

“முதலாளி திங்கக்கிழமைன்னு சொல்லிட்டாரு மேடம்” என்றேன். அவர் இறங்கிப் போனார். திங்கட்கிழமை சர்ச்சைத் திறந்துவிட்டேன்.

3. டிவியில் வந்தது

புதன்கிழமை காலை தென்னேரி ரைஸ்மில் அம்மா, மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தார். பழைய வாடிக்கை. பழைய வாடிக்கையாளர் வந்தால், அந்த வீட்டுக்கு முன்பு நெய்த டிசைன்களைச் சுவரிலிருக்கும் டிவியில் காட்டிப் பேச்சை ஆரம்பிப்பது எங்கள் கடை வழக்கம். நந்தினி ‘தென்னேரி ரைஸ்மில்’ என்று அடித்திருக்கிறாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் சர்ச் கால் நொடியில் எடுத்துக் கொடுத்துவிட்டது.

நான் போனபோது டிவி நிறைய ஒரு பெண். தறியில் உட்கார்ந்து, ஊடு இழை ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னலை முன்னால் போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போது கல்யாணப் பெண்ணைக் கூட்டிவந்து ஒரு இழை ஓட்டச் சொல்லிப் படம் எடுப்போம். பக்கத்தில் டிசைன் கிராஃப். கீழே வசந்தா மேடத்தின் கையெழுத்தில்: தென்னேரி ரைஸ்மில், மூத்த பொண்ணு, அமுதா.

டிவிக்கு முன்னால் அந்த அம்மா நின்றிருந்தார். இளையவள் கீர்த்தனா, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நந்தினி என் காதருகில் சொன்னாள். “நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கறப்போ அந்தப் பொண்ணு ஜுரத்துல போயிட்டாங்களாம் சார். எனக்குத் தெரியாது சார், சத்தியமா தெரியாது.”

அதற்குள் வசந்தா மேடம் ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும்தான் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

“அழிச்சிட்டேன்னு சொன்னியேமா.”

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

“தறியில இருந்த வரைக்கும் அறுத்துக் குடு, அதையே என் பொண்ணுக்குப் போத்தி அனுப்பறேன்னு வந்து நின்னேன். இந்த டிசைன் இன்னொருத்தி மேல ஏறக் கூடாது, போட்டோ கீட்டோ எல்லாத்தையும் அழிச்சுடுன்னு உன் கையப் புடிச்சிக்கினு அழுதேன். அழிச்சிட்டேம்மான்னு சொன்னே.”

“மனசு வரலைம்மா” என்றார் மேடம். “அழிக்கத்தான் உக்காந்தேன். அவ சிரிச்சிக்கினு இருந்தா. என்னால அழுத்த முடியல. யாரும் தேடாத பேரா வெச்சு மறைச்சேன். தப்புதான்.”

ஏ.சி. பில் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது போல நின்றுபோன கல்யாணங்கள், திரும்ப நெய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த டிசைன்கள் எல்லாவற்றையும் மேடம் அந்தப் பெயருக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஃபோல்டருக்குப் பூட்டுப் போட முடியும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். பழைய சர்ச்சின் மொண்ணைத்தனத்தை நம்பி ஒரு மனுஷி காப்பாற்றி வந்ததை, நான் மூன்றே நாளில் ஊர் நடுவில் பிரித்துப் போட்டேன்.

4. அழித்த பிறகு

“இப்ப அழி. என் கண்ணு முன்னால அழி” என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து.

கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் என் லாகினைப் போட்டு ஃபைலை அழித்தேன். ரீசைக்கிள் பின்னிலும் அழித்தேன். எங்கே, திரும்பத் தேடு என்றார். நந்தினி அடித்தாள்.

அமுதா மறுபடி வந்து சிரித்தாள்.

நந்தினி ‘ஐயோ’ என்று கையை எடுத்துவிட்டாள். ஃபைல் போனாலும், க்ராலர் எடுத்துவைத்த சின்னப் படம் சர்ச்சின் சொந்தப் பதிவான இன்டெக்ஸில் இருக்கும். அடுத்த முறை ஓடினால்தான் போகும். வேலை தெரிந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பதற்றத்தில் எனக்கு மறந்துவிட்டது.

“ஃபைல் போயிடுச்சும்மா. இது அதோட காப்பி. நான் இப்ப ஓட்டினா இப்பவே போயிடும். விட்டா சாயந்திரம் ஏழு மணிக்குத் தானா போயிடும்.”

“வேற எங்கியாவது இருக்குதா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். மேடம் என்னைப் பார்த்தார். ஒரு பொய்யை அந்த அம்மா ஏற்கெனவே வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

“பேக்கப்புல இருக்குதும்மா. அதையும் இன்னைக்கே எடுத்துடறேன்.”

அந்த அம்மா தலையாட்டினார். நான் க்ராலரைத் திறந்தேன்.

“கொஞ்சம் இருப்பா” என்றார்.

புடவை விரிக்கிற பாயில் உட்கார்ந்துவிட்டார். கீர்த்தனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கு வந்தவர்களை நந்தினி மெதுவாக வேறு கவுன்ட்டருக்குத் திருப்பிவிட்டாள்.

“பின்னல முன்னால போட்டுக்காதடி, இழையில மாட்டிக்கும்னு அன்னைக்குக் கூட சொன்னேன்” என்றார் அந்த அம்மா. “எங்க கேட்டா.”

“எங்கிட்ட நீ அக்கா பத்திப் பேசவே மாட்டியேமா” என்றாள் கீர்த்தனா. பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்.”

“வேணாம்டி. எடுத்தா தெனம் பாப்பேன். தெனம் பாத்தா உன் கல்யாணத்த நான் எப்படிப் பண்ணுவேன்?”

போன் பைக்குள் போனது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“ம். எடுத்துடுப்பா” என்றார் அந்த அம்மா.

ஓட்டினேன். முடிந்ததும் அந்த அம்மா எழுந்து வந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி மகள் பெயரை அடித்தார். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வந்தது. அந்த வரியைப் போட்டவன் நான்தான். அதைப் படித்துக்கொண்டு ஒரு தாய் என் பக்கத்தில் நிற்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

“வசந்தா” என்று கூப்பிட்டார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “சின்னவளுக்கு நீயே எடுத்துக் காட்டு.”

அன்று சாயங்காலமே சர்ச்சை மூடினேன். மேடத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபோல்டர் ஃபோல்டராகக் கேட்டு, பூட்ட வேண்டியதைப் பூட்டி, க்ராலருக்குத் தனி லாகின் போட்டுத் திறக்க இரண்டு வாரம் ஆனது. முதலாளி திட்டினார், வாங்கிக்கொண்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சர்ச் போடுவதற்கு முன், அந்த ஃபைல்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவரிடம் நேரில் போய், எதை மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் இரண்டு நாள் கேட்டால் நாலு நாள் கொடுங்கள்.

எங்கள் கம்பெனி செக்லிஸ்ட்டில் இப்போது இதுதான் முதல் வரி. பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான் காலியாகவே விட்டிருக்கிறேன். அந்தச் செக்லிஸ்ட்டும் போர்டலில்தான் இருக்கிறது, அங்கே அவள் பெயரை எழுதினால் சர்ச்சில் வந்துவிடும். இங்கே நான் எழுதியிருப்பதும் அவள் பெயர் அல்ல.