லேபிள் வெட்டாத துணி

எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு துணிக்கும் கழுத்தில் ஒரு வெட்டு உண்டு. வெளிநாட்டுக்காரன் கழித்துவிட்ட பீஸ்களை உள்ளூரில் விற்கும்போது, பிராண்டு பெயர் போட்ட லேபிளைக் கத்தரியால் குறுக்கே ஒரு கீறு கீறிவிடுவார்கள். ஒன்றில் இடது கை அரை அங்குலம் நீளம், இன்னொன்றில் பொத்தான் கோணல், வேறொன்றில் எங்கோ ஓர் எண்ணெய்ப் பொட்டு. திருப்பூரில் எங்களைப் போன்ற பல பேர் இப்படித்தான் உடுத்துகிறோம். எனக்கு இதில் வெட்கம் எதுவும் கிடையாது. மலிவாக வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன் நான்.

என் போனில் தள்ளுபடிக் கடைகளின் ஆப் மட்டும் பதினொன்று இருந்தன. எந்த நாட்டில் எப்போது பண்டிகை முடிகிறது, எவன் எப்போது பழைய சரக்கைத் தள்ளுவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். காய்கறிக் கடையில் கொத்தமல்லி கொசுறாகக் கிடைக்காத அன்று எனக்குச் சோறு இறங்காது. ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்ப்பது என் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸ் தாள்கள் என்று எழுதி எழுதி கன்டெய்னர் கன்டெய்னராகக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யாராவது கப்பல், கஸ்டம்ஸ் என்று பேச்சை எடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்த உட்கார்ந்துவிடுவேன்.

என் மனைவி திருநெல்வேலிப் பக்கம். பதினெட்டு வயதில் அப்பா அம்மாவோடு பிழைக்க வந்தவள், இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். பதினைந்து வருட அனுபவம். துணியை மேசையில் விரித்து, கட்டைவிரலைத் தையல் மேல் ஓட்டிக்கொண்டே போவாள். பிசகு இருக்கும் இடத்தில் விரல் நிற்கும். அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, பீஸை ஒதுக்கித் தள்ளிவிடுவாள். ஒரு முறை, வாசலில் லாரி நிற்கிறது, கொஞ்சம் பார்த்து விடம்மா என்று மேனேஜரே வந்து கெஞ்சியிருக்கிறார். ஒரு பீஸைக்கூட விடவில்லை.

அந்த ஸ்டிக்கரில் மிஞ்சியது எங்கள் வீட்டுக்கும் வரும். மூடாத குழாய், சுருட்டாத பாய், நான் உப்பை அள்ளிப் போட்டுவிட்ட சாம்பார்ச் சட்டி, எல்லாவற்றிலும் அம்பு. ஒரு நாள் முதுகில் அம்போடு கம்பெனிக்கே போய்விட்டேன். மதியம் வரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

போன மார்கழியில் ஒரு காலை. ஸ்கூட்டியை எடுப்பதற்கு முன் குளிர் தாங்காமல், நான் வாங்கிக் கொடுத்திருந்த ஸ்வெட்டரின் பைக்குள் கையை விடப் பார்த்தாள். கை போகவில்லை. தைத்தவர் யாரோ பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தார்கள். அதனால்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"பத்து வருசமா நீங்க வாங்கித் தந்தது எல்லாமே எவளோ ஒருத்தி அம்பு ஒட்டித் தள்ளுனதுதான்" என்றாள். "நாள் பூரா நான் கழிக்கேன். வீட்டுக்கு வந்து கழிச்சதையே உடுத்துதேன். ஒண்ணே ஒண்ணு, லேபிள் வெட்டாம, எனக்குன்னே வாங்குனதா போட்டுப் பாத்துரணும்னு இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயும்விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. மலிவு மலிவு என்று நான் பெருமையடித்ததெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கிறது பாருங்கள். தை மாதக் கடைசியில் எங்கள் பத்தாவது கல்யாண நாள். அன்றைக்கு லேபிள் வெட்டாத ஒரு ஸ்வெட்டர் அவள் கையில் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஊரில் இல்லாத கடையா, போய் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முழு விலை கொடுப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

தேடித் தேடி ஒரு வெளிநாட்டுக் கடையைப் பிடித்தேன். மாந்தளிர் நிறத்தில், ஜிப் வைத்த ஸ்வெட்டர். உள்பக்கம் பஞ்சு போல மெத்தென்று இருக்கும் பருத்தித் துணி. இரண்டு பைகள், இரண்டும் திறந்த பைகள். பெரிய தள்ளுபடி. நிறம், அளவு, பெயர் எல்லாம் நிரப்பிக் கடைசிப் பொத்தானை அமுக்கிய பிறகு, உங்கள் நாட்டுக்கு இதை அனுப்புவதில்லை என்றது. இதை முதல் பக்கத்திலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? அதே ஸ்வெட்டர் இன்னொரு கடையில் கிடைத்தது. அவன் அனுப்புவான், ஆனால் அனுப்புகிற கூலி ஸ்வெட்டரின் விலையைத் தாண்டியது. இன்னும் மூன்று பொருள் வாங்கினால் கூலி இலவசம் என்று பக்கத்திலேயே கண்ணடித்தான். பனிநாட்டுக்காரர்கள் போடும் கனத்த சாக்ஸ் மூன்று ஜோடி சேர்த்தேன். திருப்பூர் வெயிலுக்கு அது எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. மிச்சம் பிடித்துவிட்ட திருப்திதான் இருந்தது.

அடுத்தது முகவரி. எங்கள் கதவு எண்ணில் ஒரு சாய்கோடு வரும். சாய்கோடு செல்லாது என்றது. அதை எடுத்துவிட்டால் அது வேறு யாரோ ஒருவர் வீடு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மாரியம்மன் கோவில் பின்புறம் என்று விளக்கி எழுதினால், எழுத்து கூடிப்போனது என்றது. நான்கு தடவை முட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனி முகவரியைப் போட்டேன். உடனே வாங்கிக்கொண்டது. எனக்கு அங்கேதான் சனி பிடித்தது.

பார்சல் கிளம்பிய செய்தி வந்தது. கிழக்கே வர வேண்டியது வடக்கே போய், பனி விழும் ஏதோ ஒரு ஊரில் எட்டு நாள் படுத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் 'வந்து சேர்ந்தது' என்று காட்டியது. பார்த்தால் அதே ஊர். மறுநாளும் அதே ஊருக்கு வந்து சேர்ந்தது. கன்டெய்னர் எந்தத் துறைமுகத்தை எந்தக் கிழமை தொடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற எனக்கு, ஒரு ஸ்வெட்டர் எங்கே தூங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். மனைவி வந்து போனின் முதுகில் ஓர் அம்பை ஒட்டிவிட்டுப் போனாள்.

ஒருவழியாக நாட்டுக்குள் வந்தது. வந்ததும் கஸ்டம்ஸில் நின்றது. அடையாள அட்டை கேட்டார்கள், அனுப்பினேன். அட்டையில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருந்தது, பார்சலில் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம், பருத்திப் பின்னலாடையை எந்தத் தலைப்பில் வகைப்படுத்தினீர்கள், மதிப்பை எதை வைத்துப் போட்டீர்கள் என்று என் தொழில் ஞானத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"சார், நீங்க கஸ்டமரா, இல்ல ஆபீசரா?" என்றாள் அந்தப் பெண்.

"அதெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். அதற்குமேல் வீம்பு தாங்கவில்லை. "கல்யாண நாளுக்கு எங்கூட்டுக்காரிக்கு வாங்குனது. நாள் நெருங்கிப் போச்சு."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அட்டையை மட்டும் இன்னொரு தடவை அனுப்புங்க சார், நான் குறிப்பு போட்டு மேல அனுப்பிடறேன்" என்றாள். சொன்னபடி செய்தாள், நன்றாக இருக்கட்டும். இரண்டாம் நாள் வரியைக் கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. வரியையும் சாக்ஸையும் சேர்த்துப் பார்த்தால் தள்ளுபடி எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. நான் தேடவில்லை.

கல்யாண நாளுக்கு முந்தைய நாள் காலை, 'இன்று வரும்' என்று காட்டியது. அன்றைக்கென்று பார்த்து ஒரு கையெழுத்து வாங்க என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது மணி மூன்று. நேரே வாட்ச்மேனிடம் போய்ப் பார்சலைக் கேட்டேன்.

"வெளிநாட்டுத் துணிப் பார்சல்தானுங்க? எப்பவும் போல சேம்பிள் ரூமுக்குக் குடுத்துட்டனுங்க" என்றார்.

அங்கிருந்தே ஓட்டமெடுத்தேன். எங்கள் கம்பெனியில் வெளிநாட்டிலிருந்து துணி வந்தால், யார் பெயரில் வந்தாலும் சரி, அது பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர், மாதிரிக்கு அனுப்பிய பீஸ்தான். நேரே சேம்பிள் ரூமுக்குப் போய்விடும். அங்கே உறையைக் கிழித்து, அளவெடுத்து, லேபிளைத் தையல் பிரித்து எடுத்து ஃபைலில் குத்துவார்கள். அப்புறம் துணியின் கனம் பார்க்க வேண்டும். அதற்கென்று வட்டமாக ஒரு கட்டர் இருக்கிறது. துணியின் மேல் வைத்து அமுக்கி ஒரு திருகு திருகினால், குட்டி ஊத்தப்பம் அளவுக்கு ஒரு வட்டம் தனியாக வந்துவிடும். அந்த வட்டத்தைத் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது சேம்பிள் மாஸ்டர் தராசுக்கு முன்னால் நின்றிருந்தார். என்னோடு அதே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர், தங்கமான மனிதர். தராசில் மாந்தளிர் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது.

"வாங்க, வாங்க" என்றார் உற்சாகமாக. "அருமையான துணிங்க. கனமும் நல்லா வந்திருக்குதுங்க. எந்த பையருங்க இது? சாக்ஸெல்லாம் வேற அனுப்பியிருக்கறாங்க."

மேசை மேல் ஸ்வெட்டர் குப்புறக் கிடந்தது. முதுகின் நடுவில் ஒரு வட்ட ஜன்னல். கழுத்தில் லேபிள் இல்லை.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "ஏனுங்க, உறை மேல பேரு போட்டிருக்குதில்லீங்க? படிக்கத் தெரியாதுங்களா? அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்று கத்தினேன். எங்கள் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதையோடுதான் திட்ட வரும். அப்படியும் அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. மனைவி கேட்டதிலிருந்து ஆரம்பித்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. நாற்பது வயது ஆள் ஒரு ஸ்வெட்டருக்காக அழப் பார்க்கிறேன், அத்தனை டெய்லர்கள் முன்னால்.

மாஸ்டர் தராசிலிருந்த வட்டத்தை எடுத்து ஸ்வெட்டரின் ஓட்டையில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. "தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோணுங்க" என்றார். "ஆனா மாதிரி பீஸ் வந்தா, அதே மாதிரி ஒண்ணு தச்சுக் குடுக்கறதுதானுங்களே நம்ம பொழப்பு? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தச்சுப்போடலாமுங்க."

தைத்தார்கள். ஸ்டாக்கில் கிடந்த துணிகளைக் கிளறி, கிட்டத்தட்ட அதே நிறத்தில், ஒரு சாயல் கூடுதலாக ஒன்றைப் பிடித்தார்கள். என் மனைவியின் அளவை நான் சொல்ல, மாஸ்டரே வெட்டினார். மறுநாள் டெய்லர்கள் டீக்குக்கூடப் போகவில்லை. பைகளின் வாய் திறந்திருக்கிறதா என்று நான் மட்டும் நாலு தடவை கையை விட்டுப் பார்த்தேன். கடைசியில் ஃபைலிலிருந்து அந்த லேபிளை எடுத்து, புதுக் கழுத்தில் வைத்துத் தைத்தார் மாஸ்டர். ஒரு கீறல் இல்லாத முழு லேபிள்.

"ஆராலயும் கண்டுபிடிக்க முடியாதுங்க" என்றார். அவருக்கு என் மனைவியைத் தெரியாது.

பார்சல் வந்த உறையிலேயே புதியதை மடித்து வைத்து ஒட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கையில் கொடுத்தேன். உறையில் இருந்த வெளிநாட்டு முத்திரைகளைப் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே எடுத்தாள். முதலில் லேபிளைத்தான் தொட்டாள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவினாள். இரண்டு கைகளையும் இரண்டு பைகளுக்குள் விட்டாள். எனக்கு அத்தனை சந்தோஷம். பிறகு பழக்கதோஷம், துணியை உள்பக்கம் திருப்பினாள்.

"ஏங்க" என்றாள். "கடல் தாண்டி வந்த துணியில சாக்பீஸ் கோடு இன்னுமா அழியாம இருக்கும்?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சாய்கோட்டிலிருந்து வட்ட கட்டர் வரை ஒன்றையும் விடவில்லை. இனிஷியலில் சிரிக்க ஆரம்பித்தவள், நான் மரியாதையோடு திட்டிய இடத்தில் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழையதையும் காட்டச் சொன்னாள். என் வண்டியின் சீட்டுக்கு அடியில், வெட்டிய வட்டத்தோடு ஒளித்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஓட்டை வழியாக என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "ஒரு கடையில போயி முழு விலை குடுத்து வாங்கத் தெரியாதா ஒங்களுக்கு? எதுக்கு இத்தன பாடு?" என்று கேட்டுவிட்டு, அந்த வட்டத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்த கண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

"சரி, செக் பண்ணிருவோம்" என்று எழுந்தாள்.

கட்டிலில் புது ஸ்வெட்டரை விரித்தாள். பக்கத்தில் அம்பு ஸ்டிக்கர் தாள். கழுத்து, தோள், ஜிப், பைகள் என்று கட்டைவிரல் நகர்ந்தது. பையர் வந்து இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் நாளில் எங்கள் மாஸ்டர் நிற்பதுபோல நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வலது கையிடுக்குக்குக் கீழே விரல் நின்றது.

நானும் குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு தையல் தாண்டிப் போயிருந்தது. அவசரத்தில் மெஷின் விட்ட ஒரு கண்ணி. அவளுடைய மற்றொரு கை தாளிலிருந்து ஓர் அம்பைப் பாதி உரித்திருந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு தையலில் போச்சு என்றே நினைத்தேன். அவள் பிசகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உரித்த அம்பைத் திரும்பத் தாளிலேயே வைத்து நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். விரல் மேலே நகர்ந்தது.

"பாஸ்" என்றாள்.

எடுத்துப் போட்டுக்கொண்டாள். கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டாள். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்காது.

"கையிடுக்குல ஒரு தையல் உட்டுப்போச்சு. நீயும் பாத்தே" என்றேன். "அப்ப இதுவும் ரிஜெக்ட் பீஸ்தானே?"

"பாஸ் பண்ணது யாரு, நான்லா?" என்றாள், இரண்டு கைகளையும் பைக்குள் வைத்தபடி. "நான் பாஸ் பண்ணது எப்படி ரிஜெக்ட் ஆவும்?"