விரல் நுழையாத சக்கரம்

ரசாக்குக்குப் பிடிக்காதவர்களைப் பட்டியல் போட்டால் மேட்டுப்பாளையத்தில் பாதிப் பேர் அதில் வந்துவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மலை இறங்குகிறவன், பிரேக் கிறீச்சிடுகிறது என்று அதில் எண்ணெய் விடுகிறவன், டயர் மொட்டையாகத் தேய்ந்து கிடக்க முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறவன், அதே மொட்டை டயருக்கு மேலே 786 ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், எல்லாரும் அவர் கணக்கில் ஒரே ரகம். "தூ" என்பார். ஆனால் துப்பமாட்டார். ரோட்டில் துப்புகிறவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

கோத்தகிரி ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அவருடைய தகரக் கொட்டகை. ரிம், டயர், பிரேக், இந்த மூன்றைத் தவிர வேறு வேலை தொடமாட்டார். அதிலும் அழகுக்கு ரிம் மாற்ற வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். ரிம்மில் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது. நட் போட்டு முடுக்குகிற முகம் ரிம்மின் அகலத்துக்கு நடுமத்தியில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா, எத்தனை மில்லி தள்ளி இருக்கிறது என்கிற கணக்கு அது. சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கி நிற்பதும் வெளியே துருத்தி நிற்பதும் அந்தக் கணக்கில்தான். ரொம்ப உள்ளே போனால் ரிம் பிரேக்கில் இடிக்கும். ரொம்ப வெளியே வந்தால் மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவும். பிரேக்கைப் பெரிதாக்கினவனுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம்தான் மிச்சம். இது எதையும் கேட்காமல் படத்தைப் பார்த்து ரிம் வாங்கி வருகிறவனிடம் என்ன பேசுவது?

அவர் இரண்டு சோதனை வைத்திருந்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரின் மேல், மனைவி சித்திகா சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிவந்து அப்புவார். ரிம்மை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுவார். நசுங்கி மிஞ்சின மாவின் கனம்தான் பிரேக்குக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி. சித்திகா மாவுச் சட்டிக்குப் பூட்டுப் போடாத குறைதான். இரண்டாவது சோதனைக்கு, வண்டியில் யார் யார் போவார்களோ அத்தனை பேரும் வந்து உட்கார வேண்டும். ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிக்கச் சொல்லி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விடுவார். விரல் நுழையவில்லை என்றால் சாவி தரமாட்டார். ஜாக்கியில் தூக்கி நிறுத்தின வண்டியும் கல்யாணத்துக்கு முந்தின மாப்பிள்ளையும் ஒன்று, பாரம் ஏறினால்தான் லட்சணம் தெரியும் என்பார்.

இவ்வளவு பேசுகிற மனுஷன் கோத்தகிரியைப் பார்த்ததே இல்லை. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்து, இந்த ஊரில் பெண் எடுத்து, மலையடிவாரத்தில் பத்தொன்பது வருஷம் பிரேக் பார்த்தவர் இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் போனது கிடையாது. போனால் வாந்தி. மைத்துனன் கல்யாணத்துக்கு வேனில் போனபோது மாப்பிள்ளையின் புது ஷூவின் மேலேயே எடுத்துவிட்டார். அன்றோடு மலைக்கு ஒரு கும்பிடு போட்டாயிற்று. சொந்தபந்தத்தைத் தவிர ஊரில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவரிடம் வசவு வாங்கின அத்தனை பேரும் வாயைத் திறப்பார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் தை மாதம் குமாரசாமி அவரைத் தேடி வந்தார். பாக்குத் தோப்பும் உருளைக்கிழங்கு மண்டியும் உள்ளவர், பேச்சில் ஒரு சொல் கரடுமுரடாக வராது. மகள் லோகப்பிரியாவைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார். அதற்கு முந்தின புரட்டாசியில் அவளைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக் கருகி, பெடல் தரையோடு போய்விட்டது. ஓட்டினது மகன் தீபக். மலைச்சுவரில் உரசி உரசித்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறான். யாருக்கும் அடியில்லை. ஆனால் குமாரசாமியின் மனைவி மாரியாத்தாள் அங்கேயே இறங்கி, மிச்ச மலையை நடந்தே இறங்கினார். அதற்குப் பிறகு கார், பஸ், எதில் ஏறியும் மலைப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ரயிலில் போனாலும் குன்னூரில் இறங்கி மறுபடி பஸ் ஏற வேண்டும்.

நடுவில் லோகப்பிரியாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், மலை இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவம் அங்கேயே நடந்தது. பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகிறது. மாரியாத்தாள் இன்னும் குழந்தையின் முகம் பார்க்கவில்லை. தினமும் போனில் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிரேக் ஏன் கருகியது என்று ரசாக் கேட்டார். கார் சின்னது, பிரேக் பத்தவில்லை என்றான் தீபக். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நியூட்ரலில் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறான் என்பது கருகின டிஸ்க்கைப் பார்த்த உடனே ரசாக்குக்குத் தெரிந்துவிட்டது. மாரியாத்தாளோ காரையும் குற்றம் சொல்லவில்லை, மகனையும் சொல்லவில்லை. அன்றைக்குக் கோத்தகிரியில் புறப்படும்போது சம்பந்தி வீட்டில் யாரோ பின்னாலிருந்து, தூக்குப்போசியை மறந்துவிட்டீர்கள் என்று கூப்பிட்டார்களாம். புறப்படுகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா, அதனால் வந்த வினை என்பது அவருடைய முடிவு.

பெரிய காரின் டிஸ்க்கும் கேலிப்பரும் வாங்கி மாட்டுவது என்று ஆயிற்று. அது பழைய ரிம்முக்குள் அடங்காது. தீபக் எங்கேயோ படத்தில் பார்த்த அலாய் வீல் ஒன்றைக் கொண்டுவந்தான். வெள்ளி மாதிரி பளபளவென்று, கைகள் உள்பக்கம் குவிந்த ரிம். ரசாக் மாவை அப்பி ஒரு சுற்றுச் சுற்றினார். மாவு பிய்ந்து, கேலிப்பரின் இரும்பு பல்லைக் காட்டியது. அவர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நான்கு நாள் அலைந்து, சரியான ஆஃப்செட்டில் நான்கு இரும்பு ரிம் பொறுக்கி வந்தார். கருப்பாக, அம்மைத் தழும்போடு இருந்தன. மாவு ஒரு ரூபாய்க் காசு மூன்றை அடுக்கின கனத்துக்கு நின்றது. மாரியாத்தாள் சோதனைக்கும் வரமாட்டேன் என்றதால் மண்டியில் மூட்டை தூக்குகிற நான்கு பேரை ஏற்றி உட்காரவைத்தார்கள். விரல் தாராளமாக நுழைந்தது.

"எருமைக்கு லாடம் அடிச்சாப்ல இருக்குதுங்க பாய்," என்றான் தீபக்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ரசாக் முனகிக்கொண்டார். ஆனால் குமாரசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பியிருக்கிறாள் என்றார். பாய் தன் வீட்டாளுகளை இந்த வண்டியில் ஏற்றுவாரா? ஏற்றுவேன் என்று ரசாக் சொன்னார். அதைக் கேட்டுத்தான் மாரியாத்தாள் நாள் பார்க்கச் சொன்னார்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்குக் கார் கொட்டகை வழியாக வந்தது. மேலே தொட்டில், உள்ளே அரிசி மூட்டை, தேங்காய், சீர்த் தட்டு. பின்சீட்டில் மாரியாத்தாள் மடியில் ஒரு துணிமூட்டையை அணைத்தபடி கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். குமாரசாமி ஜன்னல் வழியாகக் கையாட்டிச் சிரித்தார். ரசாக்கும் கையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. வண்டியில் இருந்தது அவர் போட்ட ரிம் இல்லை. அந்தப் பளபளப்புச் சனியன். டயர் மட்கார்டைத் தாண்டி ஒரு விரல் வெளியே துருத்திக்கொண்டு ஓடியது.

பிரேக்கில் இடித்த ரிம் எப்படி ஏறியது? ஸ்பேசர்தான். கோயமுத்தூரில் எவனோ ஒரு புண்ணியவான் நடுவில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளியிருக்கிறான்.

நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தார். ஒரு சத்தம் போட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்ட அடுத்த நொடி மாரியாத்தாள் இறங்கியிருப்பார். பிறகு இந்த ஜென்மத்தில் ஏறமாட்டார். ரசாக்குக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. சகுனம் பார்க்கிறவர்களும் அவர் பட்டியலில் உண்டு. இருந்தும் வாயை மூடிக்கொண்டார். மூடின வாயோடு, சீ, நானும் ஒரு மனுஷனா என்று மொபெட்டை எடுத்தார்.

பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு வண்டித்தடம் உண்டு. அதில் குலுங்கிக் குலுங்கிப் போய், அடிவாரத்துக் கோயிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தார். மலை ஏறுகிற வண்டியெல்லாம் அங்கே நின்று சூடம் கொளுத்திவிட்டுத்தான் போகும். கார் நின்றிருந்தது. தீபக் குனிந்து டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். ரசாக் முன்னாலிருந்து, ஏதோ மலையிலிருந்து இறங்கி வருகிறவரைப் போல வந்து நின்றார்.

முன்சக்கரத்தின் மேலே மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். கை நிறைய ரப்பர்ச் சீவல் வந்தது. வீட்டிலிருந்து சமதள ரோட்டில் எட்டு மைல் வந்ததற்கே இவ்வளவு. மேலே வளைவு வளைவாக மலை காத்திருந்தது.

குமாரசாமிக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரசாக்கின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய், எப்போதும்போல மரியாதையாகவே காதில் சொன்னார். "இப்ப சொன்னா அவ எறங்கிப்போடுவாளுங்க. மூணு மாசமா நான் படற பாடு உங்களுக்குத் தெரியாது. மெதுவா போயிட்டு வந்துபோடறமுங்க பாய், நீங்க ஒண்ணும் பாக்கலீன்னு வெச்சுக்குங்க."

எவ்வளவு பணிவு, எத்தனை 'ங்க'. இந்தப் பணிவைத் தின்றே சாவார்கள் போலிருக்கிறது என்று ரசாக்குக்குக் குமட்டியது. அதைவிட, ஒரு கணம் சரி என்று சொல்லத் தன் நாக்கும் எழுந்ததை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது. நேரே பின்சீட்டு ஜன்னலுக்குப் போய், உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"அக்கா, இது உங்க டயருங்க. நான் போட்ட ரிம்ம மாத்திப்போட்டாங்க. இந்த வண்டில எங்க ஊட்டாளுகள நான் ஏத்தமாட்டனுங்க."

மாரியாத்தாள் அந்தக் கருப்புச் சீவலைக் கையில் வாங்கிப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். குமாரசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் மாரியாத்தாள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "பாய் போட்ட ரிம்மு எங்கடா கண்ணு?" என்று மகனைக் கேட்டார். தோப்பு மோட்டார் ரூமில், உர மூட்டைக்குப் பின்னால் என்றான் தீபக். தன் கூட்டாளிகள் சிரித்ததைப் பற்றியும் என்னவோ சொன்னான். அது யார் காதிலும் விழவில்லை.

பக்கத்து போன் பூத்திலிருந்து மண்டிக்குச் சொல்லி, டெம்போவில் நான்கு ரிம்மும் டயரோடு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை மாரியாத்தாள் கோயில் படியை விட்டு எழவில்லை. ரசாக் அலாய் வீலைக் கழற்றினார். ஸ்பேசர் தின்ற இடம் போக ஒவ்வொரு நட்டும் நான்கே நான்கு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. உரசி டயர் வெடிக்காமல் இருந்திருந்தால் இது கழன்று போயிருக்கும். தன் பட்டியலில் உள்ள அத்தனை வசவையும் அவர் தீபக்கை நிற்கவைத்துச் சொன்னார். கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை. பூக்காரி எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

கருப்பு ரிம்கள் ஏறின. அப்பாவையும் மகனையும் உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லி விரலை விட்டார். நுழைந்தது. "ஏறுங்க அக்கா, போலாமுங்க," என்றார்.

மாரியாத்தாள் ஏறவில்லை. "நீங்களும் ஏறுங்க பாய். யாரு யாரு போறாங்களோ அவிய அத்தன பேரும் உக்காரோணும்னு சொல்லுவீங்களாமா. நீங்க உக்காந்தா நானும் உக்கார்றனுங்க."

ரசாக் மொபெட் பக்கம் நகர்ந்தார். கொட்டகையைத் திறந்து போட்டுவிட்டு வந்தேன் என்றார். ஜும்மா இருக்கிறது என்றார். மாரியாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், பத்தொன்பது வருஷம் சொந்தபந்தத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததை, நடுரோட்டில், தான் வைது முடித்த பையனும் கேட்கும்படி சொல்ல வேண்டி வந்தது.

தீபக் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டான். மாரியாத்தாள் சிரிக்கவில்லை.

"எனக்குப் பயமுங்க, உங்களுக்கு வாந்தி. வாந்தி வந்தா கழுவிக்கலாமுங்க," என்றார்.

ரசாக் முன்சீட்டில் ஏறினார். டயருக்கு வைத்ததில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை மாரியாத்தாள் நகத்தால் கீறிப் பின்னாலிருந்து நீட்டினார். எந்தப் பழத்தைக் காரில் கட்டினால் அவர் தூ என்பாரோ, அதை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மூன்றாவது வளைவில் முதல் வாந்தி. ஆறில் இரண்டாவது. அதன் பிறகு எண்ணவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் குடல் வாய்க்கு வந்தது. ஒரு வளைவிலும் டயர் எதையும் உரசவில்லை. பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. தீபக் இரண்டாவது கியரை விட்டு மாறவில்லை. பின்சீட்டில் மாரியாத்தாள் பாதி மலையில் கண்ணைத் திறந்து, பாய்க்குத் தண்ணீர் கொடுங்கள் என்றார். தன் பயத்தைக் கவனிக்க அவருக்கு நேரமே இல்லை.

லோகப்பிரியாவின் வீட்டு வாசல் குழாயடியில் ரசாக் குந்தியிருந்தார். சட்டை முழுக்க நாற்றம். தன் மேலேயே அவருக்கு அத்தனை அருவருப்பு. உள்ளே முதலில் ஓர் அழுகைச் சத்தம், பிறகு இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து மாரியாத்தாள் குழந்தையோடு வாசலுக்கு வந்தார். நேரே அவரை நோக்கி வந்தார். "வேண்டாமுங்க அக்கா, நாறுது," என்று ரசாக் எழுந்து பின்னால் போனார். மாரியாத்தாள் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினார்.

"சாயங்காலம் எறங்கறப்பவும் கூட வரோணுமுங்க," என்றார்.

ரசாக் சரியென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தார்.