அளவுநாடாவின் மற்ற நுனி

செபமாலைமுத்துவைப் போல ஒரு விசர் மனிசனை நான் லண்டனில் வேறெங்கும் கண்டதில்லை. கோபத்தில்தான் சொல்கிறேன். முப்பது வருடச் சிநேகிதனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

மன்னார்க்காரர். வால்தம்ஸ்டோவில் கவுன்சில் கவுண்டரில் பதினாறு வருடம் இருந்தார். எல்லாம் ஒன்லைனுக்குப் போனபிறகு கவுண்டரை மூடி, அவரை லண்டன் முடிகிற எல்லையிலுள்ள ஒரு சேமக்காலைக்கு மாற்றினார்கள். ஒரு ரயில், இரண்டு பஸ், பிறகு இருபது நிமிட நடை. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், "செத்தவைக்கு நடுவிலை கொண்டுபோய்த் தள்ளிப்போட்டாங்கள், மச்சான்" என்று கோயில் வாசலில் நின்று அழுதார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு வேலை தேடவும் ஏலாது.

அங்கே கல்லறைகளின் பழைய வரைபடம் ஈரத்தில் ஊறிப் போயிருந்தது. தாயைத் தேடி வந்தவர்கள் பூவும் கையுமாக மழையில் அலைந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். முத்துவுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று குளிர்காலம் வரிசை வரிசையாக நடந்து, நாலாயிரம் கல்லறைகளை அளந்து கணினியில் ஏற்றினார். கூட வேலை செய்த ரொபேட், தேத்தண்ணீர் குடித்த நேரம் போக, கூப்பிட்டால் வந்து அளவுநாடாவின் மற்ற நுனியைப் பிடிப்பான். அவ்வளவுதான் அவன் வேலை.

கவுன்சில் பெரியவர்கள் வந்து பார்த்து அசந்துபோனார்கள். மற்றச் சேமக்காலைகளுக்கும் இப்படிச் செய்ய ஒரு மேலாளர் பதவியை உருவாக்கினார்கள். முத்துவின் வாழ்க்கையில் வந்த ஒரே ஏற்றம். தள்ளிவிட்ட இடத்திலேயே கடவுள் வழி காட்டிவிட்டார் என்று அவர் மனைவி மேரிறோஸ் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா.

நேர்முகத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன கேட்டவை?"

"வரைபடம் ஆர் செய்ததெண்டு கேட்டவை. நானும் ரொபேட்டும் சேர்ந்து செய்தனாங்கள் எண்டு சொன்னன்."

"ஐயோ, உனக்கென்ன விசரே? அவனும் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறானெல்லே! அவன் நாடாவைப் பிடிச்சவன், அவ்வளவுதானே!"

"என்ரை வாயாலை நானே என்னைப் புகழுறதே, மச்சான்? வேலையைப் பார்த்தவைக்குத் தெரியாதே?"

தெரியவில்லை. ரொபேட் போய், எல்லாம் தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறான். வேலை அவனுக்கு. முத்துவுக்கு ஒரு கடிதம் வந்தது: வரைபடத்தில் உங்கள் தனிப்பட்ட பங்கு என்னவென்று தெளிவாகவில்லை.

"அப்பீல் பண்ணு, நான் எழுதித் தாறன்!" என்று கத்தினேன்.

"சேர்ந்து செய்ததெண்டு நான்தானே சொன்னனான். இப்ப இல்லையெண்டு என்னெண்டு எழுதுறது?"

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போதும் நான் விடவில்லை.

"அவனுக்குக் கீழை இருந்து மாரடியாதை. வேறை எங்கையாவது மாற்றம் கேட்டு எழுதன்."

"எனக்கு அறுபத்தொண்டு, மச்சான்," என்றார் முத்து. "இனி ஒரு மாற்றம்தான் மிச்சம். அது எந்த வரிசையெண்டும் அளந்து வைச்சிட்டன்."